புதன்கிழமைப் பனிச்சரிவும் ராஸ்வானின் வீரமும்

ஃபகராஷ் மலை விடுதி,
ஈஸ்டர் கழிந்த இரண்டாம் வாரம்.

அன்பு மகள் இலிங்காவுக்கு அம்மா எழுதுவது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், டப்ளினில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். பண்டிகைக்குச் சாயம் போட்டு உனக்கென்று எடுத்துவைத்த சிவப்பு முட்டைகளை அப்பாவே தின்றுவிட்டார், நீ வராத கோபத்தில் தின்றாராம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது, ராஸ்வான்தான் கோஸ்மினைப் பனியிலிருந்து தோண்டிக் காப்பாற்றினாராமே, எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா என்றாய். விடுதி நிறைய ஆட்கள் இருந்ததால் ம் ம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆகஸ்டில் அந்த மகானுக்குக் கழுத்தை நீட்டப் போகிறாய், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

ஊருக்கு வந்த உன் ராஸ்வானும் அவன் சிநேகிதன் கோஸ்மினும் பண்டிகை முடிந்த செவ்வாய்க்கிழமை இங்கே வந்தார்கள். வந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும், உன் ஆள் தலை முதல் கால்வரை புதுசு, பையில் விலைச்சீட்டின் நூலைக்கூட அறுக்கவில்லை. சோளக்களியும் ஆட்டுப்பால் கட்டியும் வைத்தேன், கோஸ்மின் இரண்டு தட்டு சாப்பிட்டான், இவன் படம் எடுத்தான். அன்று இரவு முழுக்க மேகம் மூடிக்கிடந்தது, கூரை சொட்டுகிற சத்தம் விடியும்வரை நிற்கவில்லை. இந்த வீட்டில் பிறந்த உனக்கு நான் சொல்ல வேண்டுமா, வெயில் ஏறுகிற இந்த மாதங்களில் வானம் தெளிந்தால்தான் இரவில் பனி இறுகும், இறுகாத பனி எந்நேரமும் அவிழ்ந்து வரும். காலையில் விறகெடுக்கப் போன என் கால் முழங்கால்வரை புதைந்தது. உள்ளே வந்து, 'இன்னைக்கு மேல போகாதீங்கப்பா, ராத்திரி பனி உறையவே இல்ல' என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, 'அத்தை, மத்தியானத்துக்கு மேலதான் ஆபத்து. சீக்கிரமா கிளம்பிட்டா ஒண்ணும் ஆகாது. நான் பயிற்சி எடுத்து சர்டிபிகேட்டே வச்சிருக்கேன்' என்றான். கடிகாரத்தைப் பார்த்துத்தான் பனி உறைகிறது என்று நினைப்பு. அப்பா கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல், 'சர்டிபிகேட்டைப் பனிகிட்ட காட்டு மாப்ள, வழி விடும்' என்றார். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

சீக்கிரம் என்றவர் இருக்கிற பட்டையையெல்லாம் மாட்டி, வீடியோ எடுத்துக் கிளம்புவதற்குள் மேகம் விலகி வெயில் வந்துவிட்டது. விடுதிக்குப் பின்னால் இருக்கும் கிழக்குச் சரிவில்தான் ஏறினார்கள். நான் தட்டு கழுவி முடிக்கவில்லை, சரிவு மொத்தமாக இறங்கியது. வேகம்கூட இல்லை, கூழ் மாதிரி வந்து நின்றது, நின்றதும் சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது. கோஸ்மின் அடியில், உன் ராஸ்வான் ஓரத்துப் பாறையில் கீறல் இல்லாமல். நெஞ்சில் கட்டும் அந்தச் சின்னக் கருவி உனக்குத் தெரியும், நான் இங்கே இருக்கிறேன் என்று கூவிக்கொண்டே இருக்கும், ஒருவன் புதைந்தால் மேலே நிற்கிறவன் முதல் வேலையாகத் தன்னுடையதைத் தேடும் பக்கம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேட வருகிறவர்களை அவனிடமே இழுக்கும். அப்பாவின் கருவி இடப்பக்கம் காட்டியது, அந்த முழங்காலோடு ஓடினார், அங்கே ராஸ்வான் நிற்கிறான். திரும்பி வந்து தேடினார், மறுபடியும் ராஸ்வான். அடியில் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, நாங்கள் இந்தக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அப்பா அவன் சட்டையைப் பிடித்துத் திறந்து தானே அதை அணைத்தார். உடனே கருவி வலப்பக்கம் காட்டியது. நீளக் கம்பியைக் குத்தி இடம் கண்டுபிடித்து நாங்கள் இருவரும் வெட்டினோம். முகம் நீலமாக வந்தது, வாயில் அடைத்த பனியை என் விரலால் எடுத்தேன், இருமினான், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் உன் வீரர் வந்து கால் பக்கம் கொஞ்சம் சுரண்டினார். கோஸ்மினுக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று, ஆஸ்பத்திரியில் தேறிக்கொண்டிருக்கிறான்.

பயத்தில் மறந்திருப்பான் என்பாய். நானும் அப்படித்தான் நினைத்து, சாயங்காலம் சூப் ஊற்றும்போது தன்மையாகக் கேட்டேன். மறக்கவில்லையாம். 'இன்னொரு சரிவு வந்தா என்னையும் தேடணும்ல அத்தை, அதான் மாத்தல' என்றான். பிறகு உப்பு கேட்டான்.

நான் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, நான் வேண்டாம் என்றால் நீ அதற்காகவே செய்வாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா. ஒன்று மட்டும் செய். கோஸ்மினைத் தேடும்போது அவன் கருவி கூவும் பக்கம் இருந்ததா, தேடும் பக்கம் இருந்ததா என்று ராஸ்வானிடம் கேள். கேட்டுவிட்டு நீ வாயைத் திறக்காதே, அவன் பேசட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. தேவமாதா உன்னைக் காக்கட்டும், நீ எங்கே விழுந்தாலும் உன்னைத் தேடி ஓடிவருகிற ஒருவன் உனக்கு வாய்க்கட்டும். அதுவரை அப்பாவும் நானும் இருக்கிறோம், முழங்கால் வலியோடு.

உன் அம்மா,
ஸம்ஃபீரா