நோர்வேச் சாரம்

மொன்ட்ரியால், யூலை

அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் சுகம்.

இஞ்சை பழைய காலத்து வேஷம் போட்டுத் திரியிற கோடைச் சந்தை ஒண்டு. எங்கட தையல் கடை அதுக்கு வைக்கிங் உடுப்பு விக்குது. வைக்கிங் எண்டா அந்தக் காலத்து நோர்வேப் பக்கத்துக் கடற்கொள்ளைக்காரர். கம்பளி உடுப்போட ரெண்டுபேர் வெயிலில மயங்கி விழ, முதலாளியிட்ட நல்ல பேர் எடுப்பமெண்டு, நான் வீட்டில இடுப்பில கட்ட நீங்கள் தந்துவிட்ட பருத்திச் சாரங்களை வெட்டி மெல்லிய சட்டை தைச்சன். அவர் நோர்வே நெசவு எண்டு சொல்லி வித்துப்போட்டார். நானும் ஒண்டைப் போட்டுக்கொண்டு வாசலில நிண்டன். "உன்ரை நிறத்தில வைக்கிங் இருக்கேல்லை, பின்னுக்குப் போ" எண்டார். பிரெஞ்சில நன்றிக்கு மெர்சி எண்டு சொல்லிப்போட்டுப் போனன். நீங்கள் யோசிக்காதேங்கோ.

பஸ் வருது. வீட்டில உடுக்க அப்பான்ரை பழைய சாரம் ஒண்டு அனுப்புங்கோ. கிழிஞ்சதா இருக்கட்டும். நல்லதெண்டா அதையும் நோர்வே ஆக்கிப்போடுவினம்.

டனிஸ்ரன்