பாதிப் பட்டறை

3 மார்ச் 2003

சின்ன வெங்காயம் முழுவதையும் தாள் அரிந்து, சேமித்து வைக்கும் பட்டறையில் ஏற்றியாயிற்று. தட்டி கட்டி, மேலே கீற்று போட்டிருக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் அரண்மனை. கிட்டே போனால் நாற்றம். என்னைப் போலத்தான்.

வியாபாரி கேட்கிற விலை ஆட்கூலிக்கே காணாது. பூங்காவனம், "வந்த வரைக்கும் போதும், வித்துடுங்க. ஜூன்ல நம்ம இலக்கியாவுக்கு நர்ஸ் படிப்புக்குப் பணம் கட்டணும்" என்கிறாள். நான், வைகாசி வரை வைக்கலாம் என்கிறேன். மழை பெய்தால் ஊரே விதை வெங்காயத்துக்கு அலையும். பெய்யுமா? கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் சொன்னது எது நடந்தது?

7 மார்ச்

பக்கத்துக் காட்டு அரியமுத்து: "விக்காத மாமா, வெல எகிறப் போவுது." சாயந்திரம் பார்த்தால் தன் பட்டறை வெங்காயத்தை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். கேட்டதற்கு, "அது வேற காய் மாமா" என்றான். என்ன வேறு?

10 மார்ச், திங்கள்

விற்பதா, வைப்பதா என்று சிறுவாச்சூர் காளியிடம் பூ கேட்டோம். வெள்ளை ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். பூசாரி எடுத்ததில் வெள்ளை வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பினால் பூங்காவனத்துக்கும் சந்தோஷம். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பஸ்ஸில், "நாளைக்கே வியாபாரிய வரச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்குடி? ஆத்தாதான் பொறுன்னு சொல்லிட்டாளே."

"வெள்ள வந்தா வித்துடணும்னுல்ல நான் நெனச்சேன்!"

எதற்கு எந்தப் பூ என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே இல்லை. கண்டக்டர், "ஆளுக்கொண்ணு நெனச்சா ஆத்தா யாருக்குத்தான் பதில் சொல்லுவா? எறங்குங்க, ஸ்டாப் வந்துடுச்சு" என்றார்.

தெய்வத்தையே குழப்பிய குடும்பம்.

11 மார்ச்

மறுபடி பூ கேட்கலாமா என்றேன். "ஒரு தடவ கேட்டதே ஆத்தாளுக்குப் போதும்" என்றாள். பட்டறைக்கு நடுவில் ஒரு தட்டியை வைத்துப் பிரித்தோம். இந்தப் பக்கம் அவளுடையது, அந்தப் பக்கம் என்னுடையது. பாகப் பிரிவினை.

14 மார்ச்

அவள் பாதி போய்விட்டது. அடிமாட்டு விலை. சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

2 மே

மழை இல்லை.

27 மே

கிணறு தரை தட்டிவிட்டது. யாரும் உழவே இல்லை, விதையை யார் கேட்பார்? என் பாதியைப் பிரித்துப் பார்த்தேன். மேலே சருகு, உள்ளே அழுகல். கூடையில் அள்ளிக் குப்பையில் கொட்டினோம். அவள் கூடையைத் தட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திட்டியிருந்தாலாவது தேவலாம். அப்ப அவ நெனச்சதுதான் ஆத்தா நெனச்சதா? இல்ல, நானும் வித்திருந்தா மழை பெஞ்சு தொலைச்சிருக்குமோ? என் ராசிக்குப் பெஞ்சிருக்கும். ஒண்ணும் வெளங்கல.

16 ஜூன்

இலக்கியாவைத் திருச்சி ஹாஸ்டலில் விட்டோம். கட்டிய பணம் பூங்காவனத்தின் பாதியை விற்ற காசு. துண்டு விழுந்த மீதி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பூங்காவனத்தின் சித்தி மகள் ராசாத்தியைப் பார்த்தோம். உடையார்பாளையம் போகிறாளாம். "இந்தப் பஞ்சத்துல எப்படிக்கா பொண்ணப் படிக்க வெக்கிறீங்க?"

"எங்க வூட்டுக்காரரு மாசியிலேயே வித்துட்டாருல்ல. யாரு சொல்லியும் கேக்கல" என்றாள் பூங்காவனம், என்னைப் பார்க்காமல்.

குத்தினாளா, காப்பாற்றினாளா? தெரியவில்லை.

"மாமா பலே ஆளுதான்" என்றாள் ராசாத்தி. நான் தலையாட்டி வைத்தேன். பூங்காவனம் முந்தானையை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டாள். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி.