ஆளை எடுத்துவிட்டுப் பார்க்கும் பாடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன், இல்லையென்றால் இதை மூடிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் போய்ப் பார். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது தூரத்தில் வருகிறவர்களையெல்லாம் அடையாளம் தெரிந்து வலியப் போய்ப் பேசுகிறார், பழைய கண்ணாடியே தேவலாம் போலிருக்கிறது. மாடி வீட்டுக்காரர்கள் மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டு வெளியே போய்விட்டதில் உன் அறைச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது, கேட்டதற்குப் பார்க்கிறோம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அங்கேயே நிரந்தரமாக இருக்கும்படி ஆபீசில் கையெழுத்துக் கேட்கிறார்கள், இந்த மாதத்துக்குள் சொல்லவேண்டும், நான் திரும்பி வராவிட்டால் உங்களுக்குக் கஷ்டமா, உள்ளதைச் சொல்லு என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன், இங்கே ஒரு குறையும் இல்லை, தாராளமாகப் போடு என்று. தபாலில் சேர்ப்பதற்குள் வகுப்பில் ஒன்று நடந்தது, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மாலை வகுப்பில் இந்தத் தடவை எனக்குச் சமூக அமைப்புப் பாடம். குடும்பம், சங்கம், அலுவலகம் என்று எத்தனை வடிவம் உண்டு, ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேலையிலிருந்து நேரே வருகிறவர்கள், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் விளக்கத்தை ஆரம்பித்ததும் மருந்துக் கடையில் வேலை செய்கிறவர் ஒரு கொட்டாவி விட்டார், அது பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கடைசியில் எனக்கே வந்துவிட்டது. சரி, செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்று ஒரு வேலை கொடுத்தேன். ஓர் அமைப்பில் ஒருவருக்கு என்ன வேலை என்று தெரியவேண்டுமானால் அவரை எடுத்துவிட்டுப் பாருங்கள், எது நிற்கிறதோ அதுதான் அவர் வேலை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இல்லாமல் இருந்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். மறு வகுப்பில் தையல்காரம்மா, "அடுப்பே பத்தலை டீச்சர், எல்லாரும் பன்னைத் தின்னுட்டுப் படுத்திருக்காங்க" என்று பரிசு வாங்கினவள் மாதிரி சொன்னாள். மருந்துக் கடைக்காரர் வீட்டில் மோட்டார் போட ஆளில்லாமல் தொட்டி காலி, அவருக்கும் முகம் கொள்ளாத சிரிப்பு. அப்புறம் பஸ் ஓட்டுகிறவர் எழுந்தார், ஆள் நல்ல உயரம், வாய் ஓயாமல் பேசுகிறவர். "ஒண்ணுமே நிக்கலங்க, எல்லாம் நல்லாவே நடந்திருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், ஆனால் வகுப்பு முடிந்து நான் போர்டை அழித்துக்கொண்டிருக்கும்போது வந்து, "பாடத்துப்படி பாத்தா நான் அந்த வீட்டுக்கு எதுக்குங்க?" என்று கேட்டார். சம்பாதிக்கிறீர்களே என்றேன். சம்பளம் நேரே பேங்குக்குப் போகிறது, அது வருவதற்கு நான் வீட்டுக்கு வரவேண்டியதில்லையே என்றார். நான் அழித்த போர்டையே மறுபடி அழித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு வகுப்புக்கு அவர் வரவில்லை. அந்த வயதில் படிக்க வந்தவரை நானே துரத்திவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்றாவது வகுப்புக்கு அவர் மனைவி வந்து நின்றாள், என்ன பாடம் நடத்தினீர்கள், மனுஷன் வீட்டில் வாயே திறப்பதில்லை என்று. விஷயத்தைச் சொன்னேன். கோபமாக வந்தவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "வேலை எதுவும் நிக்கலைதான். ஆனா அன்னிக்கு ஒருத்தரும் சேர்ந்து சாப்பிடல. பையன் போனோட ஒரு மூலை, பொண்ணு கட்டில்ல, நான் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே. இவரு இருந்தா பஸ்ல நடந்ததையெல்லாம் அளந்து விடுவாரு, அவரைக் கிண்டல் பண்ணவே எல்லாரும் மேசைக்கு வந்துடுவோம்" என்றாள். யாரும் நினைத்துச் செய்யாமலே நடக்கிற வேலை என்று இதற்குப் புத்தகத்தில் தனிப் பகுதியே இருக்கிறது, எத்தனையோ வருஷமாக அதற்கு மார்க் போட்டிருக்கிறேன். அவர் மறுபடி வருகிறார், பாடத்துக்கு முன்னால் ஒரு பஸ் கதை சொல்கிறார், நானும் விட்டுவிடுகிறேன்.

அவர் மனைவி வந்துபோன அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் பார்த்தேன், நான் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறேன், அப்பா முன்னறையில் மடியில் தட்டோடு டிவி பார்க்கிறார், சாப்பாட்டு மேசையில் இஸ்திரி போடவேண்டிய துணி குவிந்திருக்கிறது. நீ போனதிலிருந்து இப்படித்தான். நீ இருந்தபோது அவரிடம் அரசியலுக்கும் என்னிடம் உப்புக்கும் சண்டை பிடிப்பாய், பதில் சொல்வதற்காகவாவது நாங்கள் உட்கார்ந்தாக வேண்டும். பால் வருகிறது, கரண்ட் பில் கட்டியாகிறது, துவைக்கிற துணிகூடக் குறைவு, அதைப் பார்த்துத்தான் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தேன். மறுநாள் துணியை எடுத்துவிட்டு மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "யாராவது வர்றாங்களா?" என்றார். இல்லை, நாம்தான் என்றேன். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கையெழுத்தைப் போடு. நல்ல வேலை, நீ உழைத்து வாங்கினது, எங்களுக்காக அதை விட்டு வந்தால் நான் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். ஆனால் நீ இல்லாமலே இங்கே எல்லாம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போடாதே. நீ போனதில் ஒன்று நின்றுதான் போயிற்று, அது தெரிந்தே போடு.

எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் குறையில்லாமல், நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவளாக நீ இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிடு, போனை மேசையில் வைக்கிறேன். சும்மா நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடாதே, அப்பாவோடு ஏதாவது சண்டை போடு.

இப்படிக்கு,
உன் அம்மா