மெழுகு சொட்டிய கம்பளம்

ஓஹையோ,
ஜூன் 1954

அன்பு அக்கா க்ளோத்தில்டுக்கு,

முழங்கால் வலி தேவலையா? தைலத்தை ஒழுங்காகத் தடவுகிறாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

கல்லூரிப் பெண்கள் விடுதிக்கு நான் பொறுப்பேற்று, பெண்கள் என்னை 'மதர்' என்று கூப்பிடத் தொடங்கி ஒரு வருடம் முடிந்துவிட்டது. செப்டம்பரில் திரும்பி வருவேனா என்று டீன் கேட்கிறார். நீயோ வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைகிறேன்.

போன ஞாயிறு மாலை, இந்த விடுதி வழக்கப்படி, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கைமாற்றியபடி பாடினார்கள். கல்யாணம் நிச்சயமானவள் தன் கைக்கு வந்ததும் அதை ஊதி அணைப்பாள். அதுவரை யாரென்று தெரியாது. என் கைக்கு வந்தபோது மெழுகு கம்பளத்தில் சொட்டியது. தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் திட்டும் நம் கான்வென்ட் சிஸ்டர்கள் வளர்த்த வளர்ப்பு, சட்டென்று ஊதிவிட்டேன்.

ஒரே கூச்சல். "மதர், யாரு மாப்பிள்ளை? கமுக்கமா இருந்துட்டீங்களே!" என்றாள் வில்டா.

"சும்மா இருடி. ஊதினவங்க எல்லாம் விடுதியை விட்டுப் போயிடுவாங்க. மதரும் போறாங்களா?" என்றாள் மார்னா. சிரிப்பு நின்றுவிட்டது.

"கம்பளம் பாழாகுதுன்னு ஊதினேன். மறுபடி ஏத்துங்க" என்றேன்.

நேற்று எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். சாத்திய ஜன்னல்களையே திரும்பத் திரும்ப மாடியேறிச் சரிபார்க்கிறேன்.

கோடை முழுக்க உன்னோடுதான். ஸ்டேஷனுக்கு நீயே வா. ஈஸ்டருக்கு வந்தபோது அங்கே விட்டுவந்த என் குளிர்காலக் கோட்டை வெயிலில் போட்டு வை. செப்டம்பரில் இங்கே கொண்டுவர வேண்டும். கோபிக்காதே. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உர்சுலா