சூரியனுக்குக் கீழே ஒரு கோடு

14.02.2024, விபூதிப் புதன்

சங்கக் கட்டடத்துச் சுவரில் நான் கீறிய கடல் படத்தை, என்னிடம் ஒரு சொல் கேட்காமல், வெள்ளையடித்து அழித்துவிட்டார்கள். வார்னிஷ் வாங்க நான் மன்னாருக்குப் போய் வருவதற்குள். அடிப்பித்தவர் மீனவர் சங்கத் தலைவர் பஸ்ரியன். கீறச் சொன்னவரும் அவர்தான்.

போய்க் கேட்டேன்.

"பேதுரு அண்ணை, எங்கட ஊரில சூரியன் கடலுக்குள்ள விழுறது. நீங்கள் கடலுக்குள்ளயிருந்து எழுப்பிவிட்டு, கீழ 'விடியல்' எண்டும் எழுதியிருக்கிறியள். உது இந்தியாக் கடல். சனம் சிரிக்குது. தவக்காலம், கோவிக்காதேங்கோ."

நெற்றியில் சாம்பலோடு நின்று சொல்கிறார்!

15.02.2024

நித்திரை இல்லை. எழுதி வைக்கிறேன்.

சண்டைக்குப் பயந்து வள்ளமேறி, தலை நரைக்கும்வரை இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருந்தேன். அங்கே கடல் கிழக்குப் பக்கம். விடியும்போது சூரியன் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து எழும்பும். கரை கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் சூரியனுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று கீறுவேன். கரித்துண்டால், சீமெந்துப் பைக் கடதாசியில். ஒருவரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கோடுதான் எங்கள் ஊர். சுவரிலும் அதைத்தான் கீறினேன்.

அங்கே நான் சிலோன்காரன். இங்கே இந்தியாக் கடல் கீறுகிறவன். அப்ப நான் ஆர்?

17.02.2024

மகள் சிசிலியா அங்கிருந்து போன் எடுத்தாள். முகாமில் பிறந்தவள், அங்கேயே கலியாணம் கட்டியவள். பேச்சும் அந்தக் கரைப் பேச்சு.

"வந்துடுங்கப்பா. அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

வாறன் என்றேன். விசாவுக்குத் தன் கணவன் விசாரிப்பானாம்.

18.02.2024

பெட்டியில் பாதி அடுக்கியாகிவிட்டது. தூரிகைகளை இன்னும் வைக்கவில்லை. சுவரை விட்டுவிட்டுப் போனால், அழித்தது சரி என்று நானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகாதா?

26.02.2024

இன்றைக்குச் சிரித்தேன்.

காசை மிச்சம் பிடிக்கச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். நான் கீறியது எனாமலில். எனாமலுக்கு மேல் சுண்ணாம்பு பிடிக்குமா? கடற்காற்றில் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. தேசிக்காய் அளவு சூரியன் வெளியே வந்துவிட்டது.

ஒருவரிடமும் சொல்லவில்லை.

02.03.2024

மீனை ஏலம் கூறுகிற நேரம். வங்காலை ஊர் மாக்கிறட் — முகாமில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்தவள், இப்போது மீன் வாங்க வருகிறவள் — சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள். செதில் சுரண்டும் தகட்டால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். கோடு தெரிந்தது.

"ஐயோ, இது மண்டபத்துக் காலமையெல்லோ! தண்ணி பிடிக்கிற லைனில நிண்டு ஊரைப் பாத்தமே, பேதுரு அண்ணை!"

அழுதாள். திரும்பி வந்த வேறு சிலரும் கூடினார்கள். சிரித்த சனமும் கிட்ட வந்து பார்த்தது. பஸ்ரியன் தராசடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை.

03.03.2024

பூசை முடிந்து பஸ்ரியன் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"நீங்கள் அங்க நிண்டு விடியலைப் பாத்தனீங்கள். நாங்கள் இங்க கிடந்து செல்லடி பட்டனாங்கள், அண்ணை."

அது உண்மை.

"என்ர தங்கச்சி வள்ளமேறினது ஒரு பின்னேரம். இண்டைக்கும் அங்கதான் இருக்கிறாள். சூரியன் விழேக்க ஒவ்வொருநாளும் அந்தப் பக்கம் பாப்பன். அதை ஆர் கீறுறது?"

"கேட்டிருந்தால் கீறியிருப்பன். அதுக்கேன் என்ர சுவரை அழிச்சனீர்?"

"பிழைதான்."

"நாலு பேருக்கு முன்னால சொல்லும்."

"சரியான பிடிவாதம் பிடிச்ச மனுசன்!" என்று வெளியே நடந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"றோட்டுப் பக்கச் சுவர் சும்மாதான் கிடக்குது. விழுற சூரியனுக்குக் கீழ அந்தக் கோட்டை மட்டும் மறந்திடாதேங்கோ."

10.03.2024

சங்கக் கூட்டத்தில் பஸ்ரியன் எழும்பி, அழித்தது பிழை என்று சொன்னார். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். ஏற்றுக்கொண்டேன். ஆனால் நடக்க வேண்டியது இது:

பஸ்ரியன் மிச்சச் சுண்ணாம்பைத் தன் கையால் எடுக்க வேண்டும். தென்னந்தும்பாலும் தண்ணீராலும் மட்டும். கம்பிப் பிறஸ் சுவருக்குக் கிட்டவும் வரக்கூடாது.

சங்கம் றோட்டுப் பக்கச் சுவருக்கு எனாமல் வாங்க வேண்டும். சுண்ணாம்புப் பேச்சே வேண்டாம்.

மாக்கிறட் சுரண்டினது போதும். தகடு பட்ட இடத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

நான் பின்னேரத்தில் கடற்கரையில் இருந்து, விழுகிற சூரியனைப் பார்த்துப் பழக வேண்டும். இந்த வயதில்! பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ள வேண்டும்.

சிசிலியா விசாவைத் தனக்கு எடுக்க வேண்டும். வந்து றோட்டுப் பக்கச் சுவரில், சூரியனுக்குக் கீழே, தன் ஊரைப் பார்க்க வேண்டும்.