குப்புறப் போட்ட கல்

இன்று காலை பக்கத்து வீட்டில் கடப்பைக்கல் அறுத்தார்கள். தண்ணீர் ஊற்றி அறுக்கும்போது கிளம்புமே ஒரு வாசனை, அது சமையலறை வரை வந்துவிட்டது. இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். நீ போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இன்றாவது எழுதிவிட வேண்டும்.

வேட்டவலம் ரோட்டில் சிநேகிதர்கள் நாம் இருவரும் சேர்ந்து கல் கடை போட்டது அறுபதுகளின் தொடக்கத்தில். காட்பாடி வழியாகக் கூட்ஸ் வண்டியில் கல் வரும். இறக்கியதும் நான் வியாபாரம் பேசப் போய்விடுவேன். நீ ஒவ்வொரு கல்லையும் கழுவி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி உற்றுப் பார்ப்பாய். அப்படித்தான் அது உன் கண்ணில் பட்டது. கறுப்புக் கல்லின் நடுவில் எலுமிச்சம்பழ அளவு பழுப்பு வட்டம், அதைச் சுற்றி வெளிறிய வளையம்.

"இந்தக் கல்லு ஒரு காலத்துல கடலடிச் சேறுடா. சேறு படியறப்ப மேலேர்ந்து ஒண்ணு விழுந்து பொதைஞ்சிருக்கு" என்றாய்.

"மேலேர்ந்துன்னா?"

"வானத்துலேர்ந்து. இன்னிக்கும் எரிகல்லு விழுதில்ல? அப்ப அன்னிக்கும் விழுந்திருக்கணுமே. அதெல்லாம் எங்க போயிருக்கும்?"

நூலகத்தில் எடுத்த ஏதோ ஒரு புத்தகம் உன்னை அப்படி ஆட்டிவைத்தது. சென்னையில் ஒரு கல்லூரிக்கு எழுதிப் போட்டாய். இரும்புக் கறையாக இருக்கும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. நீ விடவில்லை. கல் வாங்க வந்தவர்களை எல்லாம் அந்த வட்டத்தின் முன் நிறுத்திக் கடலையும் வானத்தையும் பற்றிப் பேசினாய். வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். 'வானத்துக் கல்லு கடை' என்று ஊரே கிண்டல் செய்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வலிக்கிறது.

உன் மனைவி அப்போது ஆறு மாதம். ஒருநாள் வேகாத வெயிலில் கடைக்கு நடந்தே வந்தாள். "அண்ணே, வூடு பாதியில நிக்குது. இவரு அந்தக் கல்லையே பாத்துக்கினு உக்காந்திருக்காரு. அத எங்கனா ஒழிச்சுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று நான்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

நம் தொழிலின் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு முகத்தில் பழுது இருந்தால் மறுமுகத்தைத் தேய்த்துக் குப்புறப் போட்டுவிடுவோம். நீ கல்லை வண்டி மாற்றி ஏற்றக் காட்பாடிக்குப் போயிருந்த அன்று, உன் வீட்டுக் கூடத்தில் தரை வேலை நடந்தது. மற்றக் கற்களோடு அதையும் அனுப்பிவைத்தேன். கொத்தனார் சாந்து பரப்பி, வட்டம் கீழே போகும்படி போட்டுவிட்டார். ஜன்னலிலிருந்து நான்காவது கல்.

உடைந்துவிட்டது, ஏரிக்கரை அடைக்க வண்டியில் போட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ ஏரிக்கரைக்குப் போய் மூன்று நாள் ஜல்லியைக் கிளறினாய். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாய். "எந்தப் பக்கம் கொட்டினாங்கன்னு மட்டும் சொல்லுடா, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாய். நினைவில்லை என்றேன்.

அதன் பிறகு நீ வானத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒழுங்காக வியாபாரம் பார்த்தாய், வீட்டை முடித்தாய். நீ திருந்திவிட்டதாக நான் எல்லாரிடமும் பெருமையடித்தேன். இரண்டே வருஷத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன்னை அந்தக் கூடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள், அந்தக் கல்லின் மேல். தலைமாட்டில் நின்றவன் நான்.

சில வருஷங்களுக்கு முன் பேப்பரில் படித்தேன். ஸ்வீடனில் தரைக்கல் வெட்டும் குவாரியில், கறை என்று ஒதுக்கிய சுண்ணாம்புக் கற்களில் இதே போன்ற வட்டங்கள். நாற்பத்தேழு கோடி வருஷத்துக்கு முன் கடலில் விழுந்த விண்கற்களாம். மற்றதெல்லாம் மாறிப்போயும், பொடிப்பொடியான சில கருமணிகள் மாறாமல் இருந்து காட்டிக்கொடுத்தனவாம். அப்போது விண்ணில் ஒரு பெரும்பாறை உடைந்து, அந்தத் தூசியால் பூமியே குளிர்ந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். நீ கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். நம் கல்லும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. வெறும் துருவாகவும் இருக்கலாம். நீ தெரிந்துகொள்ள இருந்த வழியை நான் அடைத்துவிட்டேன்.

போன மாதம் உன் மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். அதே கூடத்தில் இலை போட்ட இடம் அந்தக் கல்லாக இருந்தது. நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏன் மாமா அங்க போயிட்டீங்க? ஃபேன் காத்து இங்கதான வரும்" என்றாள். பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "தரையெல்லாம் பழசாயிடுச்சு. பேத்துட்டு டைல்ஸ் போடலாம்னு இருக்கோம். நீங்க கல்லு யாவாரம் பாத்தவரு, என்ன சொல்றீங்க?"

அவள் முகம் உன் முகம். உண்மை நாக்கு நுனி வரை வந்தது.

"வேணாம்மா. நல்ல கல்லு. அப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.