நாயை வரையப் பழகிய கை

இன்று காலை மழை விடுவதற்கு முன்பே எதிர்வீட்டு நாய் எங்கள் வாசலுக்குள் ஓடிவந்து உடம்பை உதறியது. நனைந்த ரோமத்தின் அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. வாடை பிடித்து இழுத்த இடத்துக்கு நான் தனியாகப் போகவேண்டியிருக்கிறது. உடன் வர இனி யாரும் இல்லை.

நேற்று இங்கே பாக்கார் ஆராங் பள்ளியிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடம் முழுக்க நான் வரைந்து வைத்திருக்கும் நாய்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். தூங்கும் நாய், சொறியும் நாய், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே பல்லைக் காட்டும் நாய். "ஒரு நாள்கூட விடாம வரையறீங்களாமே. இந்தப் பழக்கம் எப்படிம்மா வந்துச்சு? பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள். "சும்மா, பிடிச்சிருந்துச்சு டீச்சர், வரைஞ்சேன்" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்திருந்த ஒரே ஆள் நீதான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

பண்டார் பாருவுக்கு இந்தப் பக்கம் இருந்த நம் ரப்பர் தோட்டத்தில், உன் வீடும் என் வீடும் ஒரே லயத்து வரிசையில் ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நீ ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போவாய். நான் துரை பங்களாவில் கூட்டித் துடைக்கப் போவேன். எனக்கு அப்பா இல்லை, நோயாளி அம்மா மட்டும். உனக்குப் புருஷனாகச் சின்னையா அண்ணன் இருந்தார், மடியில் கைக்குழந்தையாக ராசு இருந்தான். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு காரில் ஏறிப் போய்விட்டான். ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி வரவில்லை. சில வாரம் கழித்து அதே பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து இறங்கினான். அவனோடு காது நிமிர்ந்த பெரிய நாய் ஒன்றும் இறங்கியது. கூட்டித் துடைக்க என்னையே வைத்துக்கொண்டான்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அடுப்புக்கரி கிடைத்தால் சுவரில் எதையாவது கிறுக்கும் புத்தி. ஒரு நாள் பின்பக்க வராந்தாவில் அந்த நாய் மழையில் நனைந்து வந்து படுத்திருந்தது. சிமெண்டுத் தரையைத் துடைக்கப் போனவள், துடைப்பதற்கு முன் பக்கத்திலேயே உட்கார்ந்து கரியால் அதை வரைந்துவிட்டேன். நிமிர்ந்தால் பின்னால் பூட்ஸ் கால்கள். கன்னத்தில் அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் குந்தி உட்கார்ந்து படத்தைப் பார்த்தான். நாயைப் பார்த்தான். சத்தமாகச் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து விரலை ஆட்டி, "மைனிச்சி, மைனிச்சி" என்றான்.

கொஞ்சம் ஜப்பான் பேச்சு கற்றிருந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டார்கள். "தினமும்னு அர்த்தம். தினமும் நாயை வரைஞ்சு குடுக்கணுமாம். குடுத்தா அரிசி குடுப்பாராம்" என்றார் கிராணி.

இவ்வளவுதான். ஊரார் என் ஒழுக்கம் என்று புகழ்வது அன்று எனக்கு இடப்பட்ட கட்டளை.

தாளும் கறுப்பு மையும் தூரிகையும் வந்தன. முதலில் நான் வரைந்ததெல்லாம் நாயே இல்லை. நாய் என்றால் இப்படி இருக்கும் என்று மனத்தில் இருந்ததைத்தான் வரைந்தேன்: நான்கு கால், ஒரு வால். அவன் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டுவான். அன்றைக்கு அரிசி இல்லை. அந்தப் பயத்தில்தான் நான் பார்க்கக் கற்றேன். படுக்கும்போது எந்தத் தொடையில் பாரத்தை இறக்குகிறது, சத்தம் கேட்டால் எந்தக் காது முதலில் திரும்புகிறது, மூச்சு வாங்கும்போது விலா எங்கே ஏறி எங்கே அடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சட்டென்று வரைந்தால் வந்தது. பார்த்துப் பார்த்து வரைந்தால் செத்த நாயாக விழுந்தது. மையை ஒரு துணியில் ஒற்றிவிட்டு, பாதி காய்ந்த தூரிகையை இழுத்தால் ரோமம் தானாக வந்தது. மஞ்சளைக் குழைத்தும் செம்மண்ணைக் கரைத்தும் நிறம் பார்த்தேன். வராத நாளும் வரைந்தேன், காய்ச்சலிலும் வரைந்தேன். வரையாவிட்டால் அடுப்பு எரியாது.

லயம் முழுக்க மரவள்ளிக்கிழங்கு அவிக்கும்போது என் வீட்டில் மட்டும் சோறு கொதித்தது. கதவைச் சாத்தினாலும் வாசம் சாத்தப்படுமா? தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என் காதுபட, "நாயை வரைஞ்சு சோறு திங்கிறா பாரு" என்றாள். நீ குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "வரைஞ்சுதானே திங்கிறா, உன் வீட்டுல வந்து எடுத்தாளா? போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்றாய். எனக்காக நீ சண்டை போட்டாய். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லையே என்ற கூச்சம் எனக்குப் போகவில்லை.

சயாமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. ரயில் பாதை போடும் வேலை, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். ஒரு காலை, பங்களா முன்னால் லாரிகள் வந்து நின்றன. நான் வராந்தாவில் நாயின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கிராணி பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக ஏறினார்கள். சின்னையா அண்ணனும் ஏறினார். நீ ராசுவை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியின் பின்பலகையைப் பிடித்தபடி நின்றாய். "ஏதாச்சும் சொல்லிட்டுப் போங்களேன்" என்று நீ கத்தியது எனக்குக் கேட்டது. அவர் சொன்னது இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நாய் எழுந்து நின்றது. கழுத்தை நீட்டி, முன்கால் ஒன்றை லேசாக மடக்கி, லாரியையே பார்த்தது. அதுவரை அது அப்படி நின்று நான் பார்த்ததில்லை. நான் வரைந்தேன். அன்று என் கை ஓடியது போல் அதற்குமுன் ஓடியதில்லை. லாரி வளைவில் மறைந்தபோது படம் முடிந்திருந்தது. அதிகாரி அதைப் பார்த்துத் தலையாட்டி இரண்டு மடங்கு அரிசி அளக்கச் சொன்னான். நீ மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். நான் அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு பின்வழியாக வீட்டுக்குப் போனேன். நான் அந்த அரிசியை வேண்டாம் என்றிருந்தாலும் லாரிகள் போகத்தான் போயிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாள் என் கைக்கு நல்ல நாளாக இருந்ததே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதற்குப் பிறகு மாலையானால் நீ ஒரு சின்னச் சட்டியோடு என் கதவருகே வந்து நிற்பாய். கேட்கமாட்டாய். நான் கஞ்சியை ஊற்றுவேன். ராசுவுக்கு என்று நீ சொல்வதில்லை, எனக்குத் தெரியும். நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளமாட்டோம்.

ராசு பேசத் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்து "எங்கப்பா எங்க?" என்று கேட்கத் தொடங்கினான். அப்போதுதான் ஒரு நாள் சட்டியில்லாமல் வந்தாய். "அஞ்சலே, போட்டோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவன் கேக்குறான், எனக்கே அவரு முகம் கலைஞ்சு கலைஞ்சு போவுது. நீதான் இவ்வளவு நல்லா வரையிறியே, அவர வரைஞ்சு குடேன்" என்றாய்.

தூரிகையை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை வருஷம் இருந்த மனுஷன். அவர் குரல் தெரியும், நடை தெரியும், இருமல்கூடத் தெரியும். முகம் தெரியாது. இன்னொருத்தியின் புருஷனை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் நமக்கு எங்கே இருந்தது? அண்ணே என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் காலைத்தான் பார்த்திருக்கிறேன். அதிகாரியின் நாய்க்கு நெற்றியில் எத்தனை மடிப்பு என்று சொல்ல முடிந்த எனக்கு, உன் வீட்டுக்காரருக்கு மீசை எங்கே முடிகிறது என்று சொல்லமுடியவில்லை. நீ சொல்லச் சொல்ல வரைந்தேன். நெற்றி அகலம் என்றாய், தாடை கொஞ்சம் சதுரம் என்றாய். கண்ணைப் பற்றி நீ சொல்லவில்லை. என் கை தனக்குத் தெரிந்த கண்ணை வைத்துவிட்டது.

நீ நெடுநேரம் பார்த்தாய். "இருக்கட்டும்" என்றாய். சோற்றுக் கஞ்சியால் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாய். ராசு தினமும் எழுந்ததும் அதைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. ஒரு நாள் பங்களா காலியாகக் கிடந்தது. நாயைக் கட்டியபடியே விட்டுப் போயிருந்தார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அது பால்மரங்களுக்குள் ஓடியது, திரும்பவில்லை. மறுநாள் காலை யாரும் என்னை வரையச் சொல்லவில்லை. வரைந்தால் அரிசியும் இல்லை. ஆனால் விடிந்ததும் கை கரியைத் தேடியது. லயத்துக் கோடியில் திரிந்த சொறிநாயை வரைந்தேன். கட்டளை போட்டவன் போய்விட்டான். கட்டளை என் கையிலேயே தங்கிவிட்டது. அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டேதான் அன்றும் வரைந்தேன், இன்றும் வரைகிறேன்.

பல மாதம் கழித்துச் சின்னையா அண்ணன் நடந்தே வந்தார். லயத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலும், காலில் ஆறாத புண், மொட்டைத் தலை. போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். நீ ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாய். ராசு மட்டும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "உங்கப்பாடா, வாடா" என்று நீ இழுக்க, அவன் சுவரைக் காட்டினான்.

"இது எங்கப்பா இல்ல. எங்கப்பா அங்க இருக்காரு."

அண்ணன் சுவருக்குப் போய்ப் படத்தைப் பார்த்தார். "யாரு இது?" என்றார்.

நீ என் பக்கம் திரும்பினாய். வாசலில் நின்ற எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டால் போதும் என்றிருந்தது. "நான்தாண்ணே. வீட்டுல போட்டோ இல்லேன்னு..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

அவர் மறுபடியும் பார்த்தார். "கண்ணு நாய்க்கண்ணு மாதிரியில்ல இருக்கு" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாகி அடங்கியது. "பரவால்ல தங்கச்சி. நான் இல்லாத வீட்டுக்கு அது காவல் இருந்திருக்கு. இப்ப வந்துட்டேன்ல, பாத்து வரை."

"இப்பவாண்ணே?"

"இப்பத்தான். அந்த நாயை எப்படிப் பாப்பியோ அப்படிப் பாரு. கூச்சப்படாதே. என்னத்த ஒளிக்கிறதுக்கு இருக்கு எங்கிட்ட?"

முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். குழிந்த கன்னம், உடைந்த பல், புருவத்துக்கு நடுவே இருந்த ஒரு வெட்டு. தாளை எடுத்துவைத்து வரையத் தொடங்கினேன். ராசு மெதுவாக வெளியே வந்து என் தோளை ஒட்டி நின்றான். தாளில் மூக்கு வந்ததும் அவர் மூக்கைப் பார்த்தான். தாளில் காது வந்ததும் அவர் காதைப் பார்த்தான். வெட்டை வரைந்தபோது அவனே போய், விரலால் அவர் புருவத்தைத் தொட்டு, "இது வலிக்குதா?" என்று கேட்டான். நீ அடுப்பங்கரைக்குள் போய் அழுதாய்.

அப்புறம் நான் லயத்தில் எல்லாரையும் வரைந்தேன். திரும்பாதவர்களின் பெண்டாட்டிகளை, பிள்ளைகளை. காலையில் ஒரு நாய், அதன் பிறகு ஒரு மனுஷ முகம். உன்னை வரையக் கேட்டேன். "என்னைய மட்டும் வேணாம்" என்றாய். கல்யாணமாகி நான் சுங்கை பட்டாணிப் பக்கம் வந்துவிட்ட பிறகும், பார்க்க வரும்போதெல்லாம் கேட்டேன். தலைநரைத்த பிறகுதான் ஒரு நாள் காரணம் சொன்னாய்.

"அவரு அங்க ஜப்பான்காரனுங்களுக்கு ரயில் ரோடு போட்டுக் கிடந்தாரு. நான் இங்க அவனுங்க அரிசிக்குச் சட்டிய ஏந்திக்கிட்டு நின்னேன். அந்த முகம் எங்கிட்ட இருக்கு அஞ்சலே. வேற யாருக்கும் தெரியாது. நீ பாத்தா வரைஞ்சிடுவே."

என் வெட்கம் எனக்கு மட்டும் உரியது என்று அத்தனை காலம் நினைத்திருந்தேன். ஊற்றிய கைக்கு ஒன்று இருந்தால் ஏந்திய கைக்கும் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "வரைய மாட்டேன்" என்றேன். நீ வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாய். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று ராசு என்னிடம் வந்தான். அவனுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. "சித்தி, அம்மாவுக்கு ஒழுங்கா ஒரு போட்டோகூட இல்ல. ஐசி கார்டுப் படத்துல யாரோ மாதிரி இருக்காங்க. நீங்க வரைஞ்சு குடுங்க சித்தி. அப்பாவ வரைஞ்சீங்கல்ல" என்றான்.

"எனக்கு இப்பல்லாம் நாய்தான்யா வரும்" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப் போனது. பெற்றவள் போல் பார்த்துக்கொண்டவள் இதைக்கூடச் செய்யமாட்டாளா என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். அவனிடம் சொல்லக்கூடிய காரணம் என்னிடம் இல்லை.

ஆனால் உன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பார்க்காதது போல் கஞ்சி ஊற்றிய அந்த மாலைகளிலும் பார்த்திருக்கிறேன். தாழ்ந்த இமைகள், இறுக்கி மூடிய உதடு, இடப்பக்கம் சற்று உள்ளே இழுத்த கன்னம், காதோரம் ஒட்டியிருந்த கிழங்குக் காட்டு மண். கண்ணை மூடினால் ஒரு கோடும் பிசகாமல் வருகிறது. என் கையில் இருக்கும் படங்களிலேயே நன்றாக வந்திருப்பது அதுதான். அதைத் தாளில் இறக்காமலே நானும் போவேன்.

அஞ்சலை